தூணுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கலாமே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் மெரினா கலங்கரை விளக்கம் பற்றி வந்த முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் நன்றாக இருந்தன. லிஃப்டில் மேலே போகலாம், காற்று பிய்த்துக்கொண்டு போகும், சாந்தோம் பக்கம் முழுக்கத் தெரியும் என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். எல்லாம் சரிதான். ஆனால் சங்க காலத்தில் ஆரம்பித்த கட்டுரையாளர் நாலாவது பத்தியிலேயே 1977க்குத் தாவிவிட்டார். நடுவில் இருந்ததெல்லாம் "முன்பு உயர் நீதிமன்றத்தில் இருந்தது" என்ற ஒரே வரியில் அடங்கிவிட்டது. உயர் நீதிமன்றத்தில் எங்கே? அங்கே இருந்தது ஒன்று இல்லை, இரண்டு. அதற்கும் முன்னால் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் ஒன்று இருந்தது. மெரினாவில் நிற்பது நாலாவது.

நான் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். கேஸ் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஃபைலிங் செக்‌ஷனுக்கும் கோர்ட் ஹாலுக்கும் ஓடியே வயசானவன். ஒரு ஸ்டாம்ப் குறைந்தாலும், தேதி ஒரு நாள் தப்பினாலும் பேப்பரை ரிட்டர்ன் போட்டுவிடுகிற இடம் அது. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. எங்கேயாவது தேதியும் இடமும் சரியாக இல்லாவிட்டால் கை அரிக்கும். அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் ஒரு பெரிய கருங்கல் தூண் நிற்கிறது. சுமார் 125 அடி உயரம். கிரேக்கக் கோயில் தூண் மாதிரி, அடி பருத்து, மேலே போகப் போகச் சிறுத்து, உச்சியைச் சுற்றி ஆள் நடக்கிற அளவுக்கு இடம் விட்டுக் கட்டியிருக்கிறார்கள். கீழே சதுரமான மேடை, படிகள். தினமும் ஆயிரக்கணக்கான பேர் அதைத் தாண்டிப் போகிறார்கள். மத்தியான நேரத்தில் அதன் நிழல் விழுகிற பக்கம் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டு வழக்குக்கு வந்த கட்சிக்காரர்கள் உட்காருவார்கள். நிழல் நகர நகர அவர்களும் நகர்ந்து உட்காருவார்கள். யாரோ வெள்ளைக்காரத் துரைக்கு வைத்த நினைவுத் தூண் என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பழைய மில் சிம்னி என்று அடித்துச் சொன்ன ஒருவரும் உண்டு.

சரியாகச் சொன்ன கட்சிக்காரர் ஒரே ஒருவர்தான். மதுரைக் கிளை வராத காலம். தெற்கிலிருந்து அப்பீல் வழக்கு என்றால் ராத்திரி பஸ் ஏறி இங்கேதான் வர வேண்டும். மணப்பாட்டிலிருந்து ஒரு மீனவர், சொத்து வழக்கு விஷயமாக எங்கள் சீனியரைப் பார்க்க வந்திருந்தார். வாய்தா கிடைக்கும் வரை அவரைத் தூணுக்குப் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது மனிதர் கழுத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்கிறார்.

"அண்ணாச்சி, இது பழைய லைட் ஹவுஸ்லா?" என்றார்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன். "எங்கூர்லயும் இருக்கு, பாத்தாத் தெரியாதா? உச்சியைச் சுத்தி ஆள் நடக்க எடம் விட்டிருக்கான் பாருங்க. கண்ணாடி தொடைக்கணும்லா" என்றார். அதோடு விடவில்லை. "நல்லாத்தான நிக்கி, பின்ன ஏன் அணைச்சான்?" என்று ஒரு கேள்வி போட்டார். எனக்கு அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை. லைப்ரரியில் இருந்த பழைய புத்தகங்களையும் விஷயம் தெரிந்த வக்கீல்களையும் தொந்தரவு செய்து நான் தெரிந்துகொண்டதெல்லாம் அந்தக் கேள்வியில் இருந்து வந்ததுதான்.

முதலில் ஒரு விஷயம். மதராஸுக்குத் துறைமுகமே கிடையாது. ஆறு பெரிதாக வந்து கலக்கிற ஊர் இல்லை, கப்பல் ஒதுங்க வளைகுடா இல்லை. நேர்கோடாக மணல் கரை, அவ்வளவுதான். கப்பல்கள் வெகுதூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். அங்கிருந்து ஆளையும் சரக்கையும் மசூலாப் படகில்தான் கொண்டுவர வேண்டும். ஆணியே அடிக்காமல், பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்த படகு அது. ஆணி அடித்த படகு அந்த அலையில் மோதினால் பிளந்துவிடும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். எந்த மகாராணி வந்தாலும் அந்தப் படகில் நனைந்துதான் இறங்க வேண்டும். இப்படிப்பட்ட ஊருக்கு ராத்திரி நேரத்தில் கப்பல் எப்படி வரும்? பகலில் பரங்கிமலை அடையாளம். ராத்திரி தாழ்வான கரையும் இருட்டும் ஒன்றாகிவிடும்.

1639ல் இங்கே இடம் வாங்கிய ஆங்கிலேயக் கம்பெனிக்காரர்கள் இதற்கு ஒரு விளக்கு வைக்க ஒன்றரை நூற்றாண்டு எடுத்துக்கொண்டார்கள். 1796ல் கோட்டைக்குள் இருந்த எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தின் தலையில் முதல் விளக்கு ஏறியது. வியாபாரிகள் கூடிச் சரக்கு பேசுகிற இடம் அது. கப்பல் எப்போது வரும் என்று காத்திருந்தவர்களின் மண்டைக்கு மேலேயே விளக்கை வைத்தது பொருத்தம்தான். எரிந்தது நம்ம ஊர்த் தேங்காய் எண்ணெய். பிற்பாடு அந்தக் கட்டடம் ராணுவ அதிகாரிகளின் மெஸ்ஸாக இருந்து, 1948ல் கோட்டை அருங்காட்சியகம் ஆனது. அங்கே போகிறவர்கள் பீரங்கி பார்க்கிறார்கள், நாணயம் பார்க்கிறார்கள். தாங்கள் நிற்கிற கட்டடமே ஒரு கலங்கரை விளக்கமாக இருந்தது என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

அடுத்து நம்ம தூண். அது நிற்கிற மண்ணுக்கே ஒரு கதை இருக்கிறது. இன்று உயர் நீதிமன்றம் இருக்கும் இடத்தில் முன்பு ஊர் இருந்தது, கோயில் இருந்தது. 1746ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தபோது அதை ஒட்டியிருந்த வீடுகளை இடித்தார்கள். திரும்ப வந்த ஆங்கிலேயர்களும், எதிரி மறைந்து நின்று சுட இடம் இருக்கக் கூடாது என்று மிச்சத்தை இடித்து வெட்டவெளி ஆக்கினார்கள். சென்ன கேசவப் பெருமாள் கோயிலும் அதில் போனது. பதிலுக்குக் கொடுத்த இடத்தில் கட்டியதுதான் இன்று பூக்கடை பக்கத்தில் இருக்கிற சென்ன கேசவர், சென்ன மல்லீஸ்வரர் கோயில்கள். வெட்டவெளியின் எல்லைக்கு 1773ல் ஆறு கல் தூண்கள் நட்டார்கள்; அவற்றில் ஒன்று இன்றும் பாரிமுனையில் இருக்கிறது. கப்பலில் இருந்து பார்த்தால் மறைக்க எதுவும் இல்லாத அந்த மைதானத்தில்தான் 1838ல் புதிய விளக்குத் தூணின் வேலையை ஆரம்பித்தார்கள். 1844 ஜனவரி 1 அன்று விளக்கு ஏற்றினார்கள்.

கட்டியவர் மதராஸ் என்ஜினியர்ஸ் படையைச் சேர்ந்த கேப்டன் ஜே. டி. ஸ்மித். சாதாரண ஆள் இல்லை. சுண்ணாம்புக் காரையில் அவருக்கு அப்படியொரு பித்து. அந்தக் காலத்தில் சிமென்ட், சுண்ணாம்பு ஆராய்ச்சிக்குப் பெரிய பெயராக இருந்த விக்கா என்ற பிரெஞ்சு என்ஜினியர் எழுதியதை, தூண் வேலை தொடங்குவதற்கு முந்தைய வருஷம்தான் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டிருந்தார். பின்னாளில் மதராஸ் நாணயச் சாலைக்கும் அவரே தலைவர். உப்புக் காற்று நாள் முழுக்க அடிக்கிற இடத்தில், எத்தனையோ புயலைப் பார்த்துவிட்டு, கட்டி 180 வருஷத்துக்கு மேல் ஆகியும் தூண் நிற்கிறது என்றால் ஆள் தெரிந்துதான் கட்டியிருக்கிறார் என்று அர்த்தம். நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு போட்ட கான்கிரீட் ஷெட் ஒன்று நான் ஓய்வு பெறுவதற்குள் கம்பி தெரிய ஆரம்பித்துவிட்டது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

தூணின் உச்சியில் எரிந்தது ஆர்கண்ட் விளக்கு வகை. சுவிட்சர்லாந்துக்காரர் ஒருவர் கண்டுபிடித்தது. சாதாரண விளக்கில் திரி தட்டையாகவோ கயிறாகவோ இருக்கும். இதில் திரி குழாய் மாதிரி வட்டமாக இருக்கும். குழாய்க்கு உள்ளேயும் வெளியேயும் காற்று ஏறும், மேலே கண்ணாடிச் சிம்னி இழுத்துக் கொடுக்கும். புகை குறையும், வெளிச்சம் பல மடங்காகும். பின்னால் கிண்ணம் போல் வளைந்த உலோகத் தகடு, வெளிச்சம் ஊர்ப்பக்கம் வீணாகாமல் கடல் பக்கம் திருப்பிவிடும். இப்படிப் பல விளக்குகளைச் சேர்த்து வைத்தால்தான் கடலில் ஒரு புள்ளி தெரியும். இதற்காக ராத்திரி முழுக்க ஆள் விழித்திருக்க வேண்டும். எண்ணெயை உள்ளே இருக்கிற சுழல் படிக்கட்டில் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும், திரியைக் கத்தரிக்க வேண்டும், கரி பிடித்த கண்ணாடியைத் துடைக்க வேண்டும். ஸ்மித்தின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. அரை நூற்றாண்டு எண்ணெய் சுமந்த நம்ம ஆட்களின் பெயர் எந்த ஆவணத்திலும் என் கண்ணில் பட்டதில்லை.

இப்போது மணப்பாட்டுக்காரரின் கேள்விக்கு வருகிறேன். ஏன் அணைத்தார்கள்?

பக்கத்தில் கோர்ட் எழும்பிவிட்டது, அதுதான் காரணம். 1862ல் தொடங்கிய உயர் நீதிமன்றம் முப்பது வருஷம் வேறு கட்டடத்தில் நடந்தது. 1892 ஜூலை 12 அன்று இன்றைய சிவப்புக் கட்டடத்துக்கு வந்தது. பிராசிங்டன் போட்ட திட்டத்தை ஹென்றி இர்வின் முடித்துக் கொடுத்தார். அதன் பெரிய கோபுரம் 175 அடி. 125 அடித் தூணுக்குப் பக்கத்தில் 175 அடிக் கோபுரம் நின்றால் விளக்கை எங்கே வைப்பீர்கள்? 1894 ஜூன் 1 அன்று விளக்கு கோபுரத்துக்கு இடம் மாறியது. தூண் அன்றே வேலையிழந்தது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. பூமி உருண்டை என்பதால் கடலில் போகப் போக விளக்கு அடிவானத்துக்குக் கீழே இறங்கிவிடும். 125 அடி உயரத்து விளக்கு, கடல் மட்டத்தில் கண் வைத்துப் பார்ப்பவனுக்கு ஏறத்தாழ 13 கடல் மைல் வரை தெரியும். கட்டுமரத்தில் இருப்பவனுக்கு இன்னும் ஒன்றிரண்டு மைல் கூட. கப்பலின் மேல் தளத்தில் நிற்பவனுக்கு நாலைந்து மைல் கூட. 50 அடி உயர்த்தியதால் கிடைத்தது இரண்டு கடல் மைலுக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். உயரத்தை நாலு மடங்கு ஆக்கினால்தான் தூரம் இரண்டு மடங்கு ஆகும். இரண்டு மைலுக்காகவா என்று கரையில் இருக்கிற நமக்குத் தோன்றும். புயல் காற்றில் வருகிற கப்பலுக்கு அந்த இரண்டு மைல் என்பது பாதை திருப்பக் கிடைக்கிற கால் மணி நேரம். இதை அந்த மீனவரிடம் சொல்ல வேண்டும் என்று ஆசை. அவர் வழக்கு முடிந்து அதற்குப் பிறகு சென்னைப் பக்கம் வரவில்லை.

கோபுர விளக்குதான் நான் நேரில் பார்த்தது. சின்ன வயதில் மண்ணடியில் பாட்டி வீட்டு மொட்டை மாடியில் படுத்தால் கோர்ட் பக்கம் அது எரிவது தெரியும். "கோர்ட்டு விளக்கு" என்போம். நீதிமன்றத்தின் மேல் ஏன் விளக்கு எரிகிறது என்று யாரும் கேட்டதில்லை. கோர்ட் என்றால் மேலே விளக்கு இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்த விளக்குக்கும் முதல் உலகப் போரில் வந்த ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனுக்கும் உள்ள விவகாரத்தை உங்கள் கட்டுரை ஒரு பெட்டிச் செய்தியில் சொல்லியிருந்தது. அதில் கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டார்கள். "கலங்கரை விளக்கத்தைக் குறிவைத்துத் தாக்கியது" என்று போட்டிருந்தது. 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் குறிவைத்தது பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளை. சர்ச் லைட் போட்டுப் பார்த்து, சுமார் பத்து நிமிஷம் சுட்டது. ஏறத்தாழ 3,46,000 காலன் எண்ணெய் எரிந்தது. துறைமுகத்தில் நின்ற கப்பல் ஒன்றும் அடி வாங்கியது. உயிர்ச்சேதம் உண்டு. கேப்டன் வான் முல்லர் இருட்டில் நழுவிப் போய்விட்டார். இங்கே இந்தியர்கள் மனதில் ஆங்கிலேயரின் மதிப்பைக் குறைப்பதுதான் நோக்கம் என்று அவரே பின்னால் எழுதியிருக்கிறார். போர் ஆரம்பித்து ஏழு வாரம் ஆகியும் ஊர் முழுக்க விளக்கு எரிந்துகொண்டிருந்ததால் கரையைத் தேடி அலைய வேண்டிய வேலை அவருக்கு இல்லை. குண்டு விழுந்த அடையாளமாகக் கோர்ட்டின் கிழக்குச் சுற்றுச்சுவரில் ஒரு பலகை பதித்திருக்கிறார்கள். அது தெருவிலிருந்தே தெரிகிறது, செல்ஃபி எடுக்கிறார்கள். அதற்கு எழுபது வருஷம் மூத்த தூண் சுவருக்கு உள்ளே இருக்கிறது, எடுப்பார் இல்லை.

கடல் எப்படித் தள்ளிப்போனது என்பதையும் கட்டுரை தொடவில்லை. எங்கள் பேட்டைக்காரர்களுக்கு அது வயிற்றெரிச்சல், அதனால் நான் சொல்லியே ஆக வேண்டும். 1875ல் இங்கிலாந்து இளவரசர் வந்து கல் வைத்து, துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர் போட ஆரம்பித்தார்கள். 1881 புயல் அதைப் பிய்த்து எறிந்தது. மறுபடி கட்டினார்கள். இந்தக் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். நடுவில் சுவர் போட்டதும் தெற்குப் பக்கம் மணல் தேங்கியது. அகலமான மெரினா அப்படி வந்ததுதான். வடக்குப் பக்கம் மணல் வராமல் கடல் உள்ளே வந்தது. ராயபுரம், காசிமேடு பக்கம் தெருத் தெருவாகக் கடல் தின்றது. இன்று பாறாங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்களே, அது அந்தக் கணக்கின் மிச்சம். ஒரு காலத்தில் கோட்டைச் சுவருக்குப் பக்கத்தில் அலை அடித்தது. இன்று கோர்ட் வாசலில் நின்றால் ராஜாஜி சாலை, அதற்கு அந்தப்புறம் துறைமுகம், கன்டெய்னர்கள். கடலே கண்ணுக்குத் தெரியாது. விளக்குத் தூண் ஏன் இங்கே நிற்கிறது என்று ஜனங்களுக்குப் புரியாமல் போனதற்கு இது பாதிக் காரணம்.

1977 ஜனவரியில் கோபுர விளக்கும் ஓய்வு பெற்றது. ஐந்து கிலோமீட்டருக்கு மேல் தெற்கே, மெரினாவில், முக்கோண வடிவில் சிவப்பும் வெள்ளையும் அடித்த கான்கிரீட் கோபுரம் வந்தது. 1991ல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு பாதுகாப்பு என்று சொல்லி அதன் கதவைப் பொதுமக்களுக்கு மூடினார்கள். 2013 நவம்பரில்தான் திறந்தார்கள். இருபது வருஷத்துக்கு மேல் மூடிக் கிடந்த இடத்தைத் திறந்ததும் கூட்டம் அலைமோதியது. இதை நீங்களே அப்போது முதல் பக்கத்தில் போட்டீர்கள். இன்று பறக்கும் ரயிலில் ஒரு ஸ்டேஷனுக்கே அதன் பெயர். பூந்தமல்லி மெட்ரோ திட்டப் பாதையும் அங்கேதான் முடிகிறது. வாழட்டும். எனக்கு அதன் மேல் ஒரு வருத்தமும் இல்லை. பேரப்பிள்ளைகளை அழைத்துப் போய்ச் சுண்டலும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

என் வேண்டுகோள் தூண் பற்றி மட்டும்தான். உயர் நீதிமன்றத்தில் ஒரு பழைய வழக்கம் இருக்கிறது. வருஷத்தில் ஒரு நாள், நவம்பர் கடைசி வாக்கில் ஒரு சனிக்கிழமை ராத்திரி தொடங்கி மறுநாள் ராத்திரி வரை, எல்லாக் கதவுகளையும் பூட்டிவிடுவார்கள். வக்கீலும் போக முடியாது, குமாஸ்தாவும் போக முடியாது. வருஷம் முழுக்க ஜனங்கள் நடந்து நடந்து, இது பொதுவழி, எங்களுக்கு உரிமை இருக்கிறது என்று யாரும் கேட்டுவிடக் கூடாதாம். சட்டம் தெரிந்தவர்கள் செய்த ஏற்பாடு, குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு நாள் மூடுவதற்கு வழக்கம் இருக்கிற இடத்தில் ஒரு நாள் திறப்பதற்கும் ஒரு வழக்கம் ஏற்படுத்தலாமே? அதுவும் ஞாயிற்றுக்கிழமையாகவே இருக்கட்டும், கோர்ட் வேலைக்கு இடைஞ்சல் வராது.

நாளும் தேட வேண்டியதில்லை. 1927ல் கலங்கரை விளக்கச் சட்டம் வந்த செப்டம்பர் 21ஐத்தான் மத்திய அரசின் கலங்கரை விளக்கத் துறை ஆண்டுதோறும் கலங்கரை விளக்க நாளாகக் கொண்டாடுகிறது. மறுநாள் 22, எம்டன் வந்த நாள். இரண்டுக்கும் கிட்டத்தில் வருகிற ஞாயிறு போதும். கோர்ட்டுக்குள் வருகிறவர்களைச் சோதித்து அனுப்ப 2015 முதல் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை இருக்கிறது. அவர்களுக்கு இது ஒன்றும் பெரிய காரியமில்லை. தூணுக்குள் ஏற்ற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்தப் படிக்கட்டு கூட்டத்தைத் தாங்குமா என்பதை என்ஜினியர்கள்தான் சொல்ல வேண்டும். கீழே நின்று அண்ணாந்து பார்க்கட்டும். அங்கிருந்தே கோபுரத்தையும் பார்க்கலாம். நாலு விளக்கில் இரண்டை ஒரே இடத்தில் நின்று பார்க்கிற வசதி வேறெங்கே இருக்கிறது? அப்படியே பிள்ளைகளை நடத்திக் கூட்டிப்போனால் கோட்டை அருங்காட்சியகம், அங்கே முதல் விளக்கு. பஸ் ஏறினால் மெரினா, அங்கே நாலாவது. அரை நாளில் முடிந்துவிடும்.

அன்றைக்குத் தூணுக்குப் பக்கத்தில் தமிழில் ஒரு பலகை நிறுத்தினால் நன்றாக இருக்கும். வாசகத்தை எழுதித் தர எனக்குச் சம்மதம். வரைவு எழுதியே பிழைத்தவன் என்பதால் இப்போதே கீழே கொடுத்துவிடுகிறேன், திருத்திக்கொள்ளலாம்:

"சென்னையின் இரண்டாவது கலங்கரை விளக்கம். 1838ல் தொடங்கி, 1844 ஜனவரி 1 முதல் 1894 வரை எரிந்தது. கட்டியவர் மதராஸ் என்ஜினியர்ஸ் கேப்டன் ஜே. டி. ஸ்மித். எண்ணெய் சுமந்து ஏறி, இரவெல்லாம் விழித்திருந்து விளக்கைக் காத்தவர்கள் இந்த ஊர் மக்கள். இந்தத் தூணுக்கு முன்னால் விளக்கு கோட்டைக்குள் எரிந்தது. பின்னால், நீங்கள் திரும்பிப் பார்த்தால் தெரிகிற கோபுரத்தில் எரிந்தது. இப்போது மெரினாவில் எரிகிறது."

இதைப் படிக்கிற வழக்கறிஞர்கள் சங்கத்து நண்பர்கள் யாராவது, பதிவாளர் அலுவலகத்துக்கு ஒரு மனு போட்டால் போதும். டைப் அடிப்பது, நகல் எடுப்பது, நேரில் கொண்டுபோய்க் கொடுத்து சீல் வாங்குவது எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். கூலி வேண்டாம்.

அப்புறம் ஒரு சின்னத் திருத்தம். கட்டுரையின் இரண்டாம் பக்கத்தில் "பழைய கலங்கரை விளக்கம், 1844" என்று போட்டு அச்சிட்டிருக்கிற படம் தூண் அல்ல, கோர்ட்டின் பெரிய கோபுரம். ஆண்டு 1894 என்று இருக்க வேண்டும். அடுத்த வாரம் திருத்தம் வெளியிடும்போது தூணின் படத்தையும் சேர்த்துப் போட்டால் நல்லது. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் எடுக்கச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் வெயில் உங்கள் புகைப்படக்காரர் கண்ணில் அடிக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா ஒருவர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.